முதல் மீன் படகுக்காரர் வீட்டுக்கு

உத்திரமேரூர்
4.8.2025

திருமதி சாம்சன் அவர்களுக்கு,

உத்திரமேரூர் அரிசி மில் மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் சார்பாக மேஸ்திரி பெருமாள் எழுதுவது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கௌஸ் பாய் டீக்கடையில் அத்தனை பேர் எதிரில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். "இனிமே அந்தப் பொண்ணோட பேச மாட்டேன். அவ வூட்ல கை நனைக்க மாட்டேன், ஒரு வாய் தண்ணி கூட குடிக்க மாட்டேன்." சொன்ன சொல் சொன்னதுதான். ஆனால் எழுத மாட்டேன் என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன். இதை வைத்துக்கொண்டு பெருமாள் இறங்கி வந்துவிட்டான் என்று அங்கே யாரும் கொண்டாட வேண்டாம்.

விஷயம் இதுதான். வருஷா வருஷம் மில்லில் பாய்லரை நிறுத்திச் சோதனை போடும்போது எங்களுக்கு வேலை இருக்காது. அந்தச் சமயத்தில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து வேன் எடுத்துக்கொண்டு எங்காவது போய் வருவோம். தாங்கள் பாவாடை கட்டிய காலத்திலிருந்து நடப்பதுதான், தங்களுக்கே தெரியும். மேல்மலையனூர், திருத்தணி என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தோம். இந்த வருஷம் சின்னப் பசங்கள் கடற்கரைதான் வேண்டும், படகு பேசிக் கடலுக்குள் போய்த் தூண்டில் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். வேதகிரி போனில் எதையோ தேடி, "மேஸ்திரி, இங்க பாரு, நல்ல படகா கீது" என்று என் மூக்குக்கு எதிரில் நீட்டினான். பார்த்தால் தங்கள் கணவர் ஒரு மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று தாங்களே யோசித்துக்கொள்ளவும். வேறு படகு பாருடா என்றேன். கை தூக்கச் சொல்லி ஓட்டு எடுத்துவிட்டார்கள். நான் ஒருவன்தான் தூக்கவில்லை.

வேதகிரியை விட்டே போன் போடச் சொல்லியிருக்கலாம். அவன் பேச ஆரம்பித்தால் என் வீட்டுக் கதை முழுவதும் உங்கள் குப்பத்துக்கு வந்து சேரும். அதனால்தான் இந்தக் கடிதம்.

விநாயகர் சதுர்த்தி முடிந்து வரும் சனி, ஞாயிறு வருகிறோம். படகில் எத்தனை பேர் ஏறலாம், எல்லாருக்கும் மிதவைச் சட்டை உண்டா, தூண்டில் அங்கே தருவார்களா நாங்கள் கொண்டுவர வேண்டுமா, ராத்திரி தங்கக் கரையோரம் இடம் கிடைக்குமா என்று எழுதவும். சாப்பாடு நாங்களே சமைத்துக்கொள்வோம். சமையலுக்கு என் மனைவி செங்கேணி வருவாள்.

படகில் தங்கள் கணவர் என்னை மாமா என்று கூப்பிடக் கூடாது. வாடகைக்கு வருகிறவர்களை எப்படிக் கூப்பிடுவாரோ அப்படிக் கூப்பிட்டால் போதும்.

இப்படிக்கு,
பெருமாள், மேஸ்திரி


மாமல்லபுரம் பக்கம், குப்பம்
9.8.2025

நைனாவுக்கு,

நேரில் இருந்தால் நீ, வா, போ என்றுதான் பேசுவேன். நீங்கள் என்னை 'திருமதி சாம்சன்' ஆக்கிவிட்டதால் நானும் உங்களுக்கு மரியாதை கொடுத்தே எழுதுகிறேன். பெற்ற பெண்ணுக்கு அப்படி எழுத உங்கள் கை கூசவில்லையா?

படகு கிடையாது.

படகுக்கு வரும் போனை எல்லாம் எடுப்பது நான்தான், ஆட்களைச் சேர்ப்பது நான்தான், அதனால் இல்லை என்று சொல்லவும் எனக்கு உரிமை இருக்கிறது. இந்தக் கரையில் படகுக்குப் பஞ்சமில்லை. வேதகிரி மாமா வேறு ஒன்றைத் தேடிக்கொள்ளட்டும். வாடகை கொடுத்து என் புருஷன் படகில் ஏறுவீர்களாம், வாடகைக்காரராக இறங்கிப் போவீர்களாம், எட்டி நடந்தால் வந்துவிடும் என் வீட்டு வாசலை மட்டும் மிதிக்க மாட்டீர்களாம். இதற்கு நான் பதில் வேறு எழுத வேண்டுமா?

பாய்லர் கதை எல்லாம் வேண்டாம். அம்மா போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எனக்குக் கல்யாணமான முதல் மாதம் சாம்சன் பெரிய வஞ்சிரமாகப் பார்த்து ஐஸ் பெட்டியில் வைத்து, செங்கல்பட்டு வரைக்கும் தானே தூக்கி வந்து பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். நீங்கள் அதை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. தெருவில் வைத்துப் பங்கு போட்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும் கொடுத்தீர்கள். அன்றைக்கு அம்மா என்ன சொன்னாள்? "எம் பொண்ணு வூட்டு மீனு என் சட்டியில வேவாதுன்னா, வேற எந்த மீனும் வேவாது." அதற்கப்புறம் உங்களுக்கு மீன் இல்லை, கருவாடு இல்லை, ஒரு நெத்திலி கூட இல்லை. இப்போது நீங்களே பிடித்து, மணலில் அடுப்பு வைத்து, புதுச் சட்டியில் குழம்பு வைத்தால் அவள் பேச்சும் கெடாது, உங்கள் பேச்சும் கெடாது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அப்படித்தானே? மகளைப் பார்க்க இரண்டு வருஷமாக ஒரு வழி தெரியவில்லை. மீன் என்றதும் வழி தெரிந்துவிட்டது.

மீன்தான் வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள். வஞ்சிரம் வறுக்கிறேன், நண்டு வைக்கிறேன், வயிறு முட்டச் சாப்பிடுங்கள். படகு மட்டும் கேட்காதீர்கள்.

இளமதி


உத்திரமேரூர்
13.8.2025

இளமதி,

'தாங்கள்' எல்லாம் எனக்குச் சரிப்படவில்லை, விட்டுவிட்டேன்.

வீட்டு விஷயத்தைப் போனில் ஒப்பிக்கிறாளா உன் அம்மா? கேட்டேன். "ஆமா, சொன்னேன், இன்னா இப்ப? உங்கிட்ட சொன்னா கேக்கிறியா?" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். இந்த வீட்டில் என் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

மீனுக்காகத்தான் என்கிறாய். சரி, மீனுக்காகவே என்று வைத்துக்கொள். அதில் என்ன கேவலம்? ஏரியில் தண்ணீர் வற்றும்போது இடுப்பளவு சேற்றில் இறங்கி வெறுங்கையால் விரால் பிடித்தவன் நான். நீயும்தான் கரையில் பாத்திரம் வைத்துக்கொண்டு நிற்பாய். அப்படிப்பட்டவனுக்கு இரண்டு வருஷமாகக் கத்தரிக்காய், முருங்கைக்காய், மறுபடியும் கத்தரிக்காய். இந்த ஆடியில் ஊரே கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட, நான் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓட்டலில் தின்னலாமே என்று வேதகிரி சொன்னான். பெண்டாட்டி வைக்காததைத் திருட்டுத்தனமாக வெளியே தின்ன நான் என்ன பூனையா? ஒரு தடவை செங்கல்பட்டில் வாங்கிவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். இலையில் வைத்தார்கள். கை வைக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

நீ என்னைக் கேள்வி கேட்கிறாய். நான் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். உன் கணவர் கும்பிடும் சாமியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னேனா? கடல் தொழில் செய்கிறவர் என்று ஏதாவது சொன்னேனா? அதெல்லாம் இல்லை. கையில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். "இன்னா மேஸ்திரி, உம் பொண்ணு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுச்சாமே" என்று எவனோ கேட்கிறான். எவனோ. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வேதகிரி பெண்டாட்டிக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது, நீயே அவளிடம் சொல்லியிருக்கிறாய். எனக்குத் தெரியாது. என் அக்கா பையனுக்குக் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்த மறு வாரம் அது. அந்த டீயை நான் குடித்தேனா கொட்டினேனா என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. அந்த இடத்தில்தான், அந்தச் சூட்டில்தான் அந்த வார்த்தை வந்தது. வந்த வார்த்தையைக் காப்பாற்றாமல் விட்டால் நாளைக்கு யார் எந்த லாரிக்கு என்று நான் போடும் முறையை எந்த ஆள் மதிப்பான்?

படகு விஷயத்தில் பசங்களுக்குச் சொல்லியாகிவிட்டது. எல்லாரும் அரைக்கால் சட்டை வாங்கிவிட்டார்கள். உனக்கு என் மேல் கோபம் என்றால் அவர்கள் என்ன செய்தார்கள்? யோசித்து எழுது.

கடலில் வாந்தி வருமாமே, எலுமிச்சம்பழம் கொண்டுவந்தால் போதுமா?

பெருமாள்


குப்பம்
19.8.2025

நைனாவுக்கு,

படகு உண்டு. நான் சம்மதிக்கவில்லை, சாம்சன் சம்மதித்தார். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். "கத்தரிக்காய், முருங்கைக்காய், மறுபடியும் கத்தரிக்காய்" என்று வலை சீர்பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னது இதுதான்: "கரைக்கு வந்து படகு கேட்ட ஆளை எங்க அப்பா காலத்துல கூட திருப்பி அனுப்புனது இல்ல. யாரா இருந்தாலும் ஏத்திக்கினு போவேன்." அம்மா வருகிறாள் என்பதால்தான் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நான் சொல்லவில்லை என்கிறீர்கள். மூன்று தடவை சொல்ல வந்தேன் நைனா. முதல் தடவை நீங்கள் மூட்டை தூக்கிவிட்டு வந்து முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். நானே தேய்த்துவிட்டேன். சொல்ல வாயெடுத்தேன், "சும்மா தேய், பேசாத" என்றீர்கள். இரண்டாம் தடவை அத்தை வீட்டார் வந்திருந்தார்கள். மூன்றாம் தடவை உங்கள் எதிரில் வந்து நின்றேன். என் முகத்தைக் கூடப் பார்க்காமல் "தேதி குறிச்சாச்சு, புடவை எடுக்கணும், உங்கம்மாவோட போ" என்றீர்கள். வேதகிரி மாமா வீட்டு அத்தையிடம் ஏன் சொன்னேன் தெரியுமா? அவர் கேட்டார். "இன்னாடி, மூஞ்சி ஏன் இப்பிடி கீது" என்று ஒரு வார்த்தை கேட்டார். அவ்வளவுதான்.

டீக்கடையில் எவனோ சொல்லித் தெரிந்துகொண்டதற்காக உங்களுக்கு எரிந்தது. எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்களும் என்னிடம் சொல்லவில்லையே. என்னோடு பேச மாட்டீர்கள் என்பதை நானும் டீக்கடைச் செய்தியாகத்தான் கேட்டேன்.

சரி, படகு விஷயம். மிதவைச் சட்டை எல்லாருக்கும் உண்டு, வெயிலாக இருக்கிறது என்று கழற்றினால் அந்த ஆளைக் கரையில் இறக்கிவிடுவார். குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு இடமில்லை, பசங்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தூண்டிலும், மாட்டுவதற்கு இறாலும் கணவாயும் நாங்கள் தருவோம். தங்குவதற்கு எங்கள் தெருக்கோடியில் ஒரு விடுதி இருக்கிறது, பேசிவிட்டேன். எலுமிச்சம்பழம் மட்டும் போதாது, ஏறுவதற்கு முன்னால் வயிறு நிறையத் தின்னாமல் இருக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. எங்கள் படகில் ஒரு வழக்கம் உண்டு. யார் வாடகைக்கு வந்தாலும் அன்றைக்கு விழும் முதல் மீன் படகுக்காரர் வீட்டுக்கு. மற்றது எல்லாம் பிடித்தவர்களுக்கு. சாம்சனின் அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. இதற்குச் சம்மதம் என்றால் வாருங்கள்.

உங்களை அவர் மாமா என்று கூப்பிட மாட்டார். நீங்கள் வரும்போது நான் கரையில் இருக்க மாட்டேன். உங்கள் வார்த்தைக்கு என்னால் எந்தக் குறையும் வராது.

இளமதி


உத்திரமேரூர்
23.8.2025

இளமதி,

வழக்கத்துக்குச் சம்மதம். ஒரு மீன்தானே. நாங்கள் பிடிக்கப் போகிற மீனில் அது எந்த மூலைக்கு?

இறாலும் கணவாயும் எங்களுக்கு வேண்டாம். அவர் பொருளை எடுத்து மாட்டினால் பாதி மீன் அவர் பிடித்தது ஆகிவிடும். எங்கள் தீனியை நாங்களே கொண்டுவருகிறோம். வாய்க்கால் ஓரம் வெட்டினால் மண்புழு கொத்துக் கொத்தாக வருகிறது. பால் டப்பா நிறையச் சேர்த்து ஈர மண் போட்டு வைத்திருக்கிறேன். ஏரி விராலே ஓடி வந்து கவ்வும் புழு. கடல் மீனுக்கு மட்டும் என்ன பெரிய நாக்கு?

உன் அம்மா புதுச் சட்டி வாங்கிவிட்டாள். கடையில் தட்டித் தட்டிப் பார்த்து ஊரையே கூட்டிவிட்டாள். பழக்கிய சட்டியில்தான் குழம்பு ருசிக்கும் என்று புலம்புகிறாள். அப்படியானால் பழைய சட்டியில் வையேன் என்றேன். முறைத்தாள்.

தைலம் தேய்த்தது ஞாபகம் இருக்கிறது. நீ எதையோ சொல்ல வந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு லாரி லாரியாக நெல் வந்திருந்தது. முதுகு விட்டுப்போயிருந்தது. அதைப் போய் இப்போது குற்றமாக எழுதுகிறாய். மூன்று தடவை வந்தவள் நாலாவது தடவை வந்திருக்கக் கூடாதா?

கரையில் நீ இருக்க வேண்டியதில்லை. இருந்தாலும் நான் பார்க்கப் போவதில்லை.

பெருமாள்


குப்பம்
2.9.2025

நைனா,

இனிமேல் உனக்கு 'நீங்கள்' கிடையாது. நீ செய்துவிட்டுப் போனதற்கு மரியாதை ஒன்றுதான் குறைச்சல்.

நான் கரையில்தான் இருந்தேன். ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். நீ வேனிலிருந்து அந்தப் புழு டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்தேன். அரைக்கால் சட்டை நீயும் போட்டிருந்தாய். உன் கால் இவ்வளவு மெலிந்துபோயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

படகில் நடந்தது எல்லாம் சாம்சன் சொன்னார். பசங்கள் அலையில் சுருண்டு, ஆளுக்கு ஒரு பக்கம் தலையைத் தொங்கப் போட்டுப் படுத்துவிட்டார்களாம். வேதகிரி மாமா மாரியாத்தாளுக்கு வேண்டிக்கொண்டாராம். நீ மட்டும் உட்கார்ந்து புழுவாக மாட்டிக்கொண்டே இருந்தாயாம். உப்புத் தண்ணீர் பட்டதும் உன் புழு எல்லாம் வெளுத்து நார் மாதிரி தொங்கியிருக்கிறது. கணவாய்த் துண்டை அவர் நீட்டினால், "வேணாம், எங்கிட்ட கீது" என்றாயாம். அவர் பேச்சு மாறாமல் "சரி சார்" என்றிருக்கிறார். அன்றைக்கு முழுவதும் உன்னை சார், சார் என்றே கூப்பிட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "நாக்கு மரத்துப்போச்சு" என்றார்.

கடைசியில் அந்தப் புழுவுக்கே ஒன்று மாட்டியது. முழங்கை நீளக் கொடுவா. அது இழுத்த இழுப்பில் நீ விழப் போக, அவர் உன் இடுப்பைச் சேர்த்துப் பிடித்திருக்கிறார். அப்போது நீ கத்தினாயாம், "மாப்ளே, வுடாத, வுடாத" என்று. அதை அவர் எனக்கு எத்தனை தடவை சொல்லிவிட்டார் தெரியுமா? குப்பத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார்.

அதோடு காற்று எழுந்ததால் படகைத் திருப்பிவிட்டார். மொத்தப் படகுக்கும் அந்த ஒரு மீன்தான். வழக்கப்படி அது எங்களுக்கு. அவர் சொன்னாராம், "சார், இன்னிக்கு இது ஒண்ணுதான் கீது, நீங்களே எடுத்துக்கினு போங்க." நீ கேட்டாயா? "வழக்கம்னா வழக்கம்தான்" என்று நீயே எடுத்து எங்கள் கூடையில் போட்டுவிட்டாய்.

அம்மாவைச் சொல்ல வேண்டும். மணலில் அடுப்பு மூட்டி, புளி கரைத்து, மிளகாய்த் தூள் போட்டுக் குழம்பைக் கொதிக்கவைத்துக்கொண்டு மீனுக்காகக் காத்திருந்தாள். மீன் என் வீட்டுக்குப் போகிறது என்று தெரிந்ததும் அந்தச் சட்டியைப் புடவைத் தலைப்பால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நேராக என் வாசலுக்கு வந்தாள். "நான் எந்த டீக்கடையிலயும் எதுவும் சொல்லல, வழிய வுடு" என்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். இரண்டு வருஷம் கழித்து அவளைப் பார்க்கிறேன், அழக்கூட நேரம் தரவில்லை, "மீனை அலசு" என்றாள். பசங்கள் எல்லாரும் வந்தார்கள். வாந்தி எடுத்தவர்கள்தான் ஆளுக்கு ஒரு படி சோறு தின்றார்கள். வேதகிரி மாமா வந்தார். ஊரே என் வீட்டில் சாப்பிட்டது.

நீ எங்கே இருந்தாய்? என் வாசலுக்கு எதிரில், மணலில் ஏற்றி வைத்த படகின் விளிம்பில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, டீயில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தாய். நீ பிடித்த மீன், உன் பெண்டாட்டி வைத்த குழம்பு, வாசனை உன் மூக்குக்கு வருகிறது. சாம்சன் தட்டில் போட்டு உன்னிடமே எடுத்து வந்தார். "சார், இது படகுதான், வூடு இல்ல" என்றார். அவர் அப்படிச் சொன்னபோது எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. நீ தட்டைப் பார்த்தாய். அப்புறம் சொன்னாய், "குழம்பு சரி. சோறு வூட்ல வடிச்சதாச்சே."

அவர் தட்டோடு திரும்பி நடந்து வந்தார் நைனா. அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஓடி வந்து உன்னைக் கடலில் தள்ளியிருப்பேன். உனக்கு நாங்கள் வேண்டாம், எங்கள் சோறு வேண்டாம். எங்கே போனால் வார்த்தை உடையாமல் தப்பிக்கலாம் என்று சந்து பொந்து மட்டும் வேண்டும். பேச மாட்டேன், ஆனால் எழுதுவேன். வீட்டுக்கு வர மாட்டேன், ஆனால் படகில் ஏறுவேன். இப்படியே செத்த பிறகும் ஏதாவது வழி கண்டுபிடித்து வருவாயா?

எனக்குச் சந்து வழியாக வரும் நைனா வேண்டாம். டீக்கடையில் சொன்னதை டீக்கடையில் திருப்பி எடு. அதே ஆட்கள் எதிரில் எடு. எடுத்துவிட்டு நேராக என் வாசலுக்கு வா. முடியாது என்றால் இனிமேல் எழுதாதே. வந்தாலும் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

இளமதி


உத்திரமேரூர்
14.9.2025

இளமதிக்கு,

இதைப் பிரிக்காமல் அனுப்பிவிடுவாயோ என்று உன் அம்மா கையால் மேல்விலாசம் எழுத வைத்திருக்கிறேன். பிரித்துவிட்டாய் அல்லவா, முழுவதும் படி.

மாப்ளே என்று நான் கத்தியது மீனைப் பார்த்த பதற்றத்தில். மில்லில் மூட்டை சரிந்தாலும் பக்கத்தில் இருப்பவனை அப்படித்தான் கூப்பிடுவேன். இதைக் குப்பம் முழுக்கச் சொல்லித் திரிய வேண்டாம் என்று அவரிடம் சொல். ஆனால் அந்த 'சார்' இருக்கிறதே, அதையும் நிறுத்தச் சொல். படகை விட்டு இறங்கும்போது எனக்குக் காதெல்லாம் வலித்தது.

நீ ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் நின்றதைப் பார்த்தேன். பச்சைப் புடவை. பார்க்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன், அதனால் பார்க்காத மாதிரி இருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இந்த ஒரு வாரம் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேற்றுக் காலையில் கௌஸ் பாய் கடைக்குப் போனேன். கூட்டம் இருந்தது. டீ வாங்கவில்லை. பெஞ்சின் மேல் ஏறாத குறையாக நின்று சொன்னேன்: "எல்லாரும் கேட்டுக்குங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால இதே எடத்துல ஒரு பேச்சு சொன்னேன். அத்த இன்னியோட வாபஸ் வாங்கிக்கிறேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கௌஸ் பாய் வடிகட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே, "இன்னா பேச்சு மேஸ்திரி?" என்று கேட்டார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன், "டீல சக்கரை வேணாம்னு சொன்னியே, அதுவா?" என்கிறான். நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். அன்றைக்கு இருந்த அத்தனை பேரும் இருந்தார்கள். ஒருவனுக்கும் ஞாபகமில்லை. எம் பொண்ணோட பேச மாட்டேன்னு சொன்னேனே என்று நானே எடுத்துக் கொடுத்தேன். கௌஸ் பாய் வடிகட்டியைக் கீழே வைத்தார். "நீ உம் பொண்ணோட பேசுறதே இல்லியா? யா அல்லா. நாங்க நீ தினம் போன்ல பேசிக்கினு கீறேன்னுல்ல நெனச்சோம்."

என்ன அநியாயம் பார். யார் எதிரில் தலை குனியக் கூடாது என்று இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேனோ, அவர்களில் ஒருவனாவது அதை நினைவு வைத்திருக்கக் கூடாதா? கொடுவாவை விட்டேன், ஆடிக் கருவாட்டை விட்டேன், உன் கையால் ஒரு வாய்ச் சோறு வேண்டாம் என்று உன் புருஷனைத் தட்டோடு திருப்பி அனுப்பினேன். இவன்களுக்காகவா? நன்றாகத் திட்டிவிட்டேன் எல்லாரையும். எதற்குத் திட்டுகிறேன் என்றுகூட அவர்களுக்குப் புரியவில்லை. டீ மட்டும் சும்மா கொடுத்தார்கள்.

தப்பு உன்னுடையதுதான். நாலாவது தடவை நீ வந்து சொல்லியிருக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

வருகிற சனிக்கிழமை வருகிறேன். அது புரட்டாசி முதல் சனி. புரட்டாசியில் நான் மீனைக் கையால் தொட மாட்டேன் என்று உனக்குத் தெரியும், அதனால் மீனுக்காக வந்தேன் என்று நீயும் உன் அம்மாவும் இனிமேல் வாய் திறக்க முடியாது. ரசம் வை, அப்பளம் பொரி. போதும். கத்தரிக்காய் மட்டும் வேண்டாம்.

உன் அம்மா பழைய மீன் சட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். புரட்டாசி முடியட்டும் என்றேன். முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டிருக்கிறாள்.

ஒரே ஒரு கட்டளை. அன்றைக்கு நான் வாசலுக்கு வந்ததும் நீ ஓடி வந்து நைனா என்று ஆரம்பித்துவிடாதே. வாயை மூடிக்கொண்டு உள்ளேயே இரு. பேச மாட்டேன் என்று சொன்னவன் நான். நான்தான் முதலில் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் வந்து தண்ணீர் கொடு.

உன் நைனா,
பெருமாள்